ஜூன் வரை கிட்டப்பார்வை வரக் கூடாது

சீனாவின் பைஷி நகரில் மார்ச்சிலிருந்து ஜூன் முடியும் வரை எந்தக் குழந்தைக்கும் கிட்டப்பார்வை வரக் கூடாது என்று முடிவாகியிருந்தது. பான் வெய்மினின் மகள் ரூயிக்கு இந்த முடிவு தெரியாது. ஏப்ரலில் வந்துவிட்டது.

வெய்மின் நான்காம் எண் நகரப் பேருந்தின் ஓட்டுநர். நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, காரம் தூக்கலாக அரிசி நூடுல்ஸ் வாங்கி முதல் வாய் வைக்கும்போது போன் அடித்தது. ரூயியின் வகுப்பாசிரியை லுவோ டீச்சர். “ரூயி அப்பா, உடனே கெளம்பி வாங்க” என்றார், வைத்துவிட்டார். பிள்ளை மாடிப்படியில் உருண்டுவிட்டாளோ, மண்டை உடைந்துவிட்டதோ என்று மனம் என்னென்னவோ நினைக்க, கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். அடுத்த நடைக்கு அரை மணிகூட இல்லை.

லுவோ டீச்சர் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

“உங்க பொண்ணு என்ன பண்ணியிருக்கான்னு தெரியுமா?”

“யாரையாவது அடிச்சுட்டாளா டீச்சர்?”

“அடிச்சிருந்தா பரவாயில்லையே! நேத்து கண் பரிசோதனை. அட்டையில அஞ்சாவது வரிக்குக் கீழ ஒண்ணுமே தெரியலங்கறா. நல்ல கண்ணுக்குன்னு எங்க வகுப்புக்குக் கிடைச்சிருந்த செங்கொடியைப் பக்கத்து வகுப்புக்காரங்க வந்து கழட்டிட்டுப் போய்ட்டாங்க. ஆணி மட்டும்தான் இருக்கு, போய்ப் பாருங்க.”

“அவளுக்குக் கண்ணு தெரியலையா டீச்சர்?”

“அதெல்லாம் அப்புறம். மொதல்ல வகுப்போட சதவீதம். ஜூன் மாசம், பிள்ளைங்க கண்ணைக் கணக்கெடுக்கற ஒளிவிழி அலுவலகத்துலேருந்து ஆய்வுக்கு வர்றாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க.”

“எதை?”

“கிட்டப்பார்வையைத்தான்.”

“சரிங்க டீச்சர்” என்றான் வெய்மின். அவன் சுபாவம் அப்படி. பேருந்தில் ஏறுகிறவர்கள் கதவை ஏன் மூடினாய் என்று திட்டினாலும் சரிங்க, ஏன் திறந்தாய் என்று திட்டினாலும் சரிங்க.

எப்படித் தள்ளிப்போடுவது என்று தெரியாததால், சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போனான். டாக்டர் வென் என்ற அம்மாள் ரூயியின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கருவிக்குள் எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டார். இவன் விஷயத்தைச் சொன்னான்.

“ஜூன் வரைக்குமா?” டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இதென்ன கல்யாணமா, நாள் பார்த்துத் தள்ளி வைக்க? பிள்ளை வளருதுல்ல, கண்ணு முழியும் நீளவாக்குல வளருது. கொஞ்சம் அதிகமாவே வளர்ந்துடுச்சு. அதனாலதான் தூரத்துல இருக்கறது மங்குது. வளர்ந்தது திரும்பச் சுருங்காது. வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.”

“எப்படிக் குறைக்கறது டாக்டர்?”

“வெளியில விடுங்க. பகல் வெளிச்சத்துல தினம் ரெண்டு மணி நேரம் ஓடட்டும், ஆடட்டும். புஸ்தகத்தை மூக்குல ஒட்டிக்கிட்டுப் படிக்க விடாதீங்க. ராத்திரி படுக்கறப்போ விட ஒரு சொட்டு மருந்து தர்றேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. இன்னிக்கே கண்ணாடி போடுங்க.”

“கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப் போகும்னு மாமியார் சொல்றாங்க...”

“உங்க மாமியார் எந்த ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்காங்க?”

வெய்மின் சீட்டை வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு நடந்தான்.

நீல நிறச் சட்டம் போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்ற ரூயி, சாலைக்கு எதிர்ப்பக்கம் போன பேருந்தைப் பார்த்துக் கத்தினாள். “அப்பா! அந்த டிரைவர் மாமா கொட்டாவி விடறார்! பல்லெல்லாம் தெரியுது!” எத்தனை நாளாக இந்தப் பிள்ளைக்கு எதிரே வருகிறவர்களின் முகமே தெரியவில்லையோ! கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதிவந்ததற்கு இவனும் அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறான்.

திங்கட்கிழமை லுவோ டீச்சர் பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“என்னங்க இது? தள்ளிப் போடச் சொன்னா முகத்துலயே மாட்டிட்டு வர்றீங்க? கண்ணாடி பைக்குள்ள இருக்கட்டும். பைக்குள்ள இருக்கறதை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க.”

“பலகை தெரியாதே டீச்சர்.”

“ஜூனுக்கு அப்புறம் பலகை எங்கயும் ஓடிப்போயிடாது.”

“சரிங்க” என்றான். நீலக் கண்ணாடி பைக்குள் போனது. ரூயி கண்ணை இடுக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.

அந்த வாரமே பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் ஹௌ மேடையேறித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெற்றோர்களே! சூரிய வெளிச்சம்தான் கண்ணுக்கு மருந்து என்று விஞ்ஞானம் சொல்கிறது. விஞ்ஞானத்துக்கு நம் பள்ளி என்றுமே எதிரியல்ல. எனவே இனி தினமும் ஒரு மணி நேரம் வெளிப்புற நேரம்!” கைதட்டல். “ஆனால் மைதானத்தில் ஓடினால் பிள்ளைகள் விழுவார்கள். விழுந்தால் நீங்கள் வருவீர்கள். நீங்கள் வந்தால் எனக்குத் தலைவலி வரும். ஆகவே வெளிப்புற நேரம் வகுப்பறைக்குள்ளேயே நடக்கும். திரையில் புல்வெளி, மலை, நீல வானம் எல்லாம் காட்டப்படும். படம் தெளிவாகத் தெரிவதற்காக ஜன்னல்கள் மூடப்படும்.”

மறுபடியும் கைதட்டல். வெய்மின் திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததும் அவனும் தட்டினான்.

இன்னொரு மணி நேர வெளிச்சம் பெற்றோர் பொறுப்பு. தினமும் பிள்ளை வெயிலில் நிற்கும் படத்தைப் போனில் உள்ள பெற்றோர் குழுவில் போட வேண்டும். இதில் ஒரு சின்னச் சிக்கல்: பைஷியில் வசந்தம் முழுவதும் மழை. வெய்மின் மகளுக்கு மஞ்சள் மழைக்கோட்டு மாட்டி, ஆற்றங்கரையில் நிறுத்திப் படமெடுத்து அனுப்பினான். லுவோ டீச்சரிடமிருந்து உடனே பதில் வந்தது: தரையில் நிழல் விழவில்லை, படம் செல்லாது. வண்டி ஓட்டும்போதெல்லாம் சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. ரூயியின் அப்பா, நிழல் எங்கே? ரூயியின் அப்பா, நேற்றைய நிழலும் பாக்கி. ரூயியின் அப்பா, உங்கள் ஒருவரால் வகுப்பின் வெளிச்சச் சராசரி குறைகிறது. இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தாமலே போய், பயணிகளிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என்ன அதிசயமோ, சுள்ளென்று வெயில் அடித்தது. குடியிருப்பு முழுவதும் அல்லோலகல்லோலப்பட்டது. “வெயிலு! வெயிலு!” என்று கத்திக்கொண்டு அத்தனை வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். கையில் மூட்டை மூட்டையாகத் துணி. இன்று ஒரே நாளில் மாதம் முழுமைக்குமான நிழலைச் சேர்த்துவிட வேண்டாமா? சிவப்புச் சட்டை, ஒரு படம். கழற்று. பச்சைச் சட்டை, ஒரு படம். கழற்று. வெய்மினின் மனைவி லீஜுவான் ஒரு கையில் சீப்பும் மறு கையில் பாவாடையுமாகப் பம்பரமாய்ச் சுழன்றாள்.

“அம்மா, கொஞ்ச நேரம் ஸ்கிப்பிங் ஆடட்டுமா?” என்று கேட்டாள் ரூயி.

“ஆட்டமா? வெயில் போயிடும்டீ! அசையாம நில்லு. இன்னும் மூணு நாள் பாக்கி. ஏங்க, வாயைப் பார்த்துட்டு நிக்காதீங்க, இந்தப் பக்கத்துலேருந்து எடுங்க, அதே மரம் வருது!”

சூரியன் மேகத்துக்குள் போகும் வரை அந்த முற்றத்தில் ஒரு குழந்தைகூட ஓடவில்லை.

இத்தனைக்கும் நடுவே ரூயிக்குப் பள்ளியில் ஒரு பெருமை வந்து சேர்ந்தது. தினமும் இரண்டு வேளை ஒலிபெருக்கி இசைக்கேற்பக் கண் பயிற்சி நடக்கும். கண்ணை மூடிக்கொண்டு புருவம், மூக்குத்தண்டு, கன்னம் என்று வரிசையாக அழுத்த வேண்டும். கண்ணைத் திறந்து திருட்டுத்தனமாகப் பார்க்கிற பிள்ளைகளைப் பிடிக்கக் கைப்பட்டை கட்டிய கண்காணிப்பு மாணவர்கள் வரிசைக்கு வரிசை அலைவார்கள். மாட்டினால் வகுப்புக்கு மதிப்பெண் குறையும். ரூயி மட்டும் ஒரு தடவைகூட மாட்டவில்லை. தலைமையாசிரியரே வந்து பார்த்து மெச்சி, அவளைப் பள்ளியின் ஒளிவிழித் தூதராக அறிவித்துவிட்டார். ஆய்வு நாளில் மேடையில் நின்று பள்ளி முழுவதற்கும் அவள்தான் பயிற்சி செய்து காட்ட வேண்டும்.

“எப்படிடீ கண்ணைத் தொறக்காமயே இருக்கே?” என்று கேட்டான் வெய்மின்.

“தொறந்தா மட்டும் என்னப்பா தெரியப் போகுது?”

மறுநாள் லுவோ டீச்சரிடம் போய், வேறு பிள்ளையை நிறுத்துங்கள், இவள் மேடையில் தடுக்கி விழுவாள் என்று கெஞ்சினான். “தூதர் பதவியை வேண்டாங்கற மொத அப்பா நீங்கதான்” என்றார் டீச்சர். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆய்வு நாளும் வந்தது. ஒளிவிழி அலுவலக இயக்குநர் துவான் ஐந்து அதிகாரிகளோடு கறுப்பு வண்டியில் வந்து இறங்கினார். ஆறு பேர் மூக்கிலும் சோடாபுட்டிக் கண்ணாடி. பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் மைதானத்தை மிதித்தது அன்றுதான். பெற்றோருக்கு முன்வரிசையில் இடம். வெய்மின் ஒரு நடையைச் சக ஓட்டுநர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தான்.

இயக்குநர் உரைத்தாளை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

“நான் பொறுப்பேற்றபோது இந்த நகரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை நடந்த பரிசோதனையை ஒருமுறையாகக் குறைத்தோம்; கிட்டப்பார்வை உடனே குறைந்தது! பரிசோதனை அட்டையைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம், இன்னும் குறைந்தது! மக்களை நெருங்கிச் செல்வதுதானே நம் வழி? அடுத்த ஆண்டு அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடத் திட்டம். சிலர், பிள்ளைகளின் கண்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறார்கள். அது மருத்துவமனையின் வேலை. எங்கள் பொறுப்பு சதவீதம். அது ஆரோக்கியமாக இருக்கிறது!”

ஒலிபெருக்கி அலறியது. பள்ளி முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது. ரூயி மேடையில் பயிற்சியைப் பிசகாமல் செய்து முடித்தாள். பிறகு பரிசுக்கொடியோடு படம் எடுக்க அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். அலுவலகப் புகைப்படக்காரப் பெண் கையை உயர்த்தினாள். “ஐயா, எல்லாரும் கண்ணாடியைக் கழட்டிடுங்க. ஒளிவிழிப் படத்துல கண்ணாடி வரக் கூடாது, விதி இருக்கு.” ஆறு அதிகாரிகளும், கூடவே தலைமையாசிரியரும் லுவோ டீச்சரும், கண்ணாடிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

“தூதர் நடுவுல வாம்மா!”

ரூயி கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள். மேடையின் விளிம்பு எங்கே, பூந்தொட்டி எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. தொட்டியில் கால் இடறி, விளிம்பில் ஒரு கால் வழுக்கி, தடுமாறி உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் ரத்தம். உதட்டைக் கடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் எழுந்து போவதென்று தெரியாமல் அங்குமிங்கும் தலையைத் திருப்பினாள்.

வெய்மினுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! விடுவிடுவென்று மேடையேறினான். அவள் பாவாடைப் பையிலிருந்து நீலக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டான். “பார்த்துப் போம்மா” என்றான். அவள் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராக நடந்துபோய் நடுவில் நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

“எல்லாரும் இங்க பாருங்க!” என்றாள் புகைப்படக்காரி. இயக்குநர் கொடிக்கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார். தலைமையாசிரியர் கழிப்பறைப் பக்கம் பார்த்துச் சிரித்தார். கேமராவைப் பார்த்தது ரூயி ஒருத்திதான்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்கு அந்தப் படத்தை மாட்டியிருந்தார்கள். இனி கண்ணாடியோடுதான் அனுப்புவது என்று வீட்டிலேயே முடிவெடுத்துக் கூட்டிவந்திருந்தான் வெய்மின். ரூயி படத்தின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“அப்பா, இது யாரு?”

பாவாடை அவளுடையது, முழங்கால் ரத்தம் அவளுடையது. ஆனால் கண்ணாடியைக் கணினியில் அழித்தவர்கள், அதோடு கண்ணும் அழிந்துபோகவே, எங்கிருந்தோ இரண்டு கண்களைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். அகலமான, பளபளவென்ற, வேறு யாருடைய கண்களோ.

காவலாளி சின் கையை நீட்டி மறித்தார். “கண்ணாடியைக் கழட்டும்மா. தூதர் படத்துல இருக்கற மாதிரிதான் உள்ள வரணும்னு உத்தரவு.”

“அவ கழட்ட மாட்டா” என்றான் வெய்மின்.

அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது. விஷயம் தலைமையாசிரியர் அறைக்குப் போனது.

“கொஞ்சம் யோசிங்க ரூயி அப்பா” என்றார் ஹௌ. “படம் மாகாணம் வரைக்கும் போயிருக்கு. அதுல உங்க பொண்ணுக்குக் கண்ணு பிரமாதமா இருக்கு. இப்போ கண்ணாடியோட வந்தா எது பொய்னு ஆகும்?”

“படம்தான் சார்.”

“அது அலுவலகப் படம். பொய்யா இருக்க முடியாது.”

“அப்போ என் பொண்ணு பொய்யா?”

“நான் அப்படிச் சொல்லலியே...” ஹௌ மோவாயைச் சொறிந்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. “இரவல்!”

வெளியூர்ப் பிள்ளைகள், இந்தப் பள்ளியில் பதிவு இல்லாமல் வந்து உட்கார்ந்து படிப்பார்கள். அவர்களுக்கு இரவல் மாணவர்கள் என்று பெயர். அவர்களுடைய மதிப்பெண், உயரம், எடை, கண், எதுவும் பள்ளிக் கணக்கில் சேராது.

“படத்துல இருக்கற ரூயி எங்க பதிவு மாணவி. அவளுக்குக் கண்ணு நல்லா இருக்கு. இந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு இரவல் மாணவியா அதே வகுப்புல, அதே இடத்துல உட்காரட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?”

சொந்த ஊரில், சொந்த வகுப்பில், சொந்த நாற்காலியில் என் பிள்ளை இரவலா என்று வெய்மின் கத்த நினைத்தான். ரூயி அவன் விரலைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, கண்ணாடி போட்டுக்கலாம்ல?”

“போட்டுக்கலாம்” என்றார் ஹௌ.

“அப்போ சரி” என்றாள் அவள்.

செய்தி பெற்றோர் குழுவில் பரவியது. யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ பைக்குள் கண்ணாடியை ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் இரண்டு பேர் வந்து தங்கள் பிள்ளையையும் இரவலாக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு வரிசை நின்றது. ஹௌவுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு பிள்ளை இரவலாகும்போதும் பள்ளியின் கிட்டப்பார்வை குறைந்துகொண்டே வந்தது. ஜூன் முடிவில் ரூயியின் நான்காம் வகுப்பில் அது பூஜ்யம். செங்கொடி பழைய ஆணிக்கே திரும்பியது.

அன்று மாலை, கடைசி நடையில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ரூயி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கு என்ன படிச்சே?” என்று பின்பார்வைக் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டான் வெய்மின்.

“கணக்குப்பா. டீச்சர் பலகையில எழுதி, யாருக்குத் தெரியும்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சுது. கை தூக்கினேன். இரவல் பிள்ளைங்க கை தூக்கக் கூடாதாம்.”

“வேற யாரைக் கேட்டாங்க?”

“எல்லாருமே இரவல்தானேப்பா. எல்லாருமே கை தூக்கிட்டு இருந்தோம். டீச்சர் சுத்திமுத்தும் பார்த்தாங்க. வகுப்புல யாருமே இல்லையேன்னு சொல்லிட்டு அவங்களே விடையை எழுதிட்டாங்க.”

“சரியா எழுதினாங்களா?”

“இல்லப்பா, தப்பு” என்றாள் ரூயி. “எங்க எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்சுது.”